மரியஜோசப் கொடுத்த விறகு

ஏற்காடு பஜாரில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை என்னுடையது. பெயர் மணி, சேலத்திலிருந்து பிழைக்க வந்தவன். என் கடைக்குச் சிரித்த முகத்தோடு யாரும் வருவதில்லை. செடி நன்றாக இருந்தால் அவர்களுக்கு இங்கே என்ன வேலை? ஒருவர் சுருண்ட இலையைக் கிள்ளிக்கொண்டு வருவார், இன்னொருவர் வாடிப்போன மிளகுக்கொடியைச் சுருட்டிக்கொண்டு வருவார். காய்ச்சல் வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவர்களைப் போல மேசை முன்னால் நிற்பார்கள். நானும் ஏதோ ஒரு டப்பாவை எடுத்துக் கொடுப்பேன். அது கேட்குமா கேட்காதா என்பது எனக்கும் தெரியாது, சரக்கைக் கொண்டுவந்து இறக்குகிறவனுக்கும் தெரியாது.

மரியஜோசப் இலையோ கொடியோ கொண்டு வரமாட்டார். முழங்கை நீளத்துக்குக் காப்பித் தண்டையே அறுத்து எடுத்துவந்து மேசைமேல் வைப்பார்.

"இன்னொண்ணும் போச்சுங்க மணி."

அவ்வளவுதான் பேச்சு. நான் கத்தியை வைத்துத் தண்டைப் பிளப்பேன். உள்ளே வளைந்து வளைந்து ஒரு பாதை ஓடும், அது நிறைய மரத்தூள் அடைத்திருக்கும், கடைசியில் வெள்ளையாக ஒரு புழு கிடக்கும். இருவருமே அதை ஆயிரம் முறை பார்த்தவர்கள். ஆனாலும் குனிந்து பார்ப்போம்.

போரர் என்பார்கள் மலையில். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட சின்ன வண்டு. சித்திரை வைகாசியில் நல்ல வெயிலில் பறந்து வந்து காப்பிச் செடியின் பட்டை இடுக்கில் முட்டை வைத்துவிட்டுப் போகும். புழு தண்டுக்குள் இறங்கிவிட்டால் அதன் பிறகு எந்த மருந்தும் அதைத் தொடாது. மருந்து விற்கிறவன் நானே சொல்கிறேன். பட்டையைத் தேய்த்துச் சுத்தம் செய்து முட்டை வைக்க இடமில்லாமல் பண்ணலாம், சுண்ணாம்பு பூசலாம். அதையும் மீறிப் புகுந்துவிட்டால் செடியை வேரோடு பிடுங்கி, உள்ளே இருப்பது வண்டாகி வெளியே வருவதற்குள் எரித்துவிட வேண்டும். வேறு வழியில்லை.

ஜோசப் கிளியூர்க்காரர். வயது அறுபதை நெருங்குகிறது. முன்பு ஒரு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். எஸ்டேட் கைமாறியதும் ஜீப் போயிற்று, வேலையும் போயிற்று. அப்போது கிடைத்ததையும், மனைவி பிரிஸ்கில்லா ஒரு விடுதிச் சமையலறையில் வெந்து சேர்த்ததையும் போட்டு, கிளியூர் போகும் வழியில் ஒரு சரிவு நிலத்தை வாங்கினார். வாங்கிய நாளில் அது முழுக்க உண்ணிப் புதர். புருஷனும் பெண்டாட்டியுமாக வெட்டி, குழி எடுத்து, அராபிகா காப்பி நாற்று வைத்தார்கள். ஒரே மகள், திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. அதன் பிறகு அவர்களுக்கு இருந்ததெல்லாம் இந்தத் தோட்டம்தான். மாசி பங்குனியில் ஜோசப் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு செடியாகத் தண்டைத் தேய்ப்பதைப் பார்த்துப் பிரிஸ்கில்லா கிண்டல் செய்வார்.

"ஏனுங்க, எனக்கு முதுகு வலின்னு எத்தனை நா சொல்லியிருக்கறன். ஒரு நாளாச்சும் இப்புடித் தேச்சு உட்டிருப்பீங்களா?"

"உனக்கு முதுகுல போரரா பூந்திருக்குது?" என்பார் ஜோசப்.

அப்போதெல்லாம் அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது.

பிறகு அவருடைய நிலத்துக்கு மேல் வரப்பில் இருந்த தோட்டத்தை யாரோ சென்னைக்காரர் வாங்கினார். வாங்கியவுடன் முதல் வேலையாக மரத்தையெல்லாம் வெட்டினார்கள். அங்கே கட்டப்போகிற லாட்ஜ் அறையிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு தெரிய வேண்டுமாம். எத்தனையோ வருடமாக நின்ற மரங்கள் லாரியில் ஏறிப் போயின. நிழல் போனதும் வெயில் நேராக ஜோசப்பின் தோட்டத்தில் இறங்கியது. வெயில் எங்கேயோ போரர் அங்கே. இந்த மலை முழுவதும் இதே கதைதான். ஆரஞ்சு எப்போதோ முடிந்தது. மிளகு வாடுகிறது. காட்டெருமை வருகிறது, குரங்கு வருகிறது, வேலைக்குத்தான் ஆள் வருவதில்லை. வெள்ளக்கடை கிராமத்திலிருந்து காலையில் கிளம்புகிற டூவீலரெல்லாம் தோட்டம் பக்கம் திரும்பாமல் லாட்ஜ் பக்கம் போகிறது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. லாட்ஜில் அட்டை கடிக்காது.

மேலே வந்த லாட்ஜுக்கு பிரவீன் என்று ஒரு மேனேஜர். மரியாதையான பையன்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அடிக்கடி கேட்பான்.

"அங்கிள், எதுக்குங்க இந்தக் கஷ்டம்? நிலத்த எங்களுக்கு வாடகைக்கு உட்டுருங்க, வண்டி நிறுத்த எடமில்லீங்க. நீங்க கேட்டுல சேர் போட்டு உக்காந்தாப் போதும். யூனிபார்ம் நாங்களே குடுத்துருவோம்."

ஜோசப் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். "இந்தத் தோட்டத்துல ஒரு காப்பிச் செடி நிக்கிற வரைக்கும் நான் எவன் கேட்டுலயும் நிக்க மாட்டேன் கண்ணு."

இதைப் பஜாரிலும் வந்து சொல்வார். சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் தலையாட்டுவோம்.

அவரைப்போல ஒழுங்காகப் போரருக்கு வேலை பார்த்தவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. தேய்க்கச் சொன்னால் தேய்த்தார். சுண்ணாம்பு பூசினார். வண்டைக் கவர்கிற மருந்துப் பொறி வைத்தார். காப்பி பறித்து முடித்ததும் தை மாதத்தில் தோட்டம் முழுக்க நடந்து, இலை மஞ்சளித்து, தண்டில் மேடு தட்டிய செடியையெல்லாம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பிடுங்கினார். மற்றவர்கள் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள். அவர் விடவில்லை. இருந்தும் ஒவ்வொரு தை மாதமும் பிடுங்க வேண்டிய செடி கூடிக்கொண்டே போயிற்று. அடுத்த வரப்புக்காரர் ஒன்றும் செய்யாமல் இருந்தார், அவருக்கு இவ்வளவு அழிவில்லை. எனக்குக் கோபம்கோபமாக வரும். ஒழுங்காக இருப்பவனைத்தான் பூச்சிகூடத் தேடி வருமா?

பிடுங்கிய செடியை ஜோசப் என்ன செய்தார் என்பது ஊருக்கே தெரியும். கஞ்சிக்குக் கொடுத்தார்.

அவருடைய தோட்டத்தின் கீழ் வேலியை ஒட்டி ஒரு சின்னப் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற பொறுப்பு சாதிக் பாஷாவுடையது. பஜாரில் என் கடைக்கு நான்காவது கடை அவருடைய மளிகைக்கடை. ரமலான் மாதம் முழுக்க மதியமே அடுப்பைப் பற்றவைத்து, பச்சரிசிக் குருணை, பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம் போட்டுக் கிளறி, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குவார். சாயங்காலம் யார் தூக்குப் பாத்திரம் கொண்டுவந்தாலும் ஊற்றுவார்கள், எந்த ஊடு, எந்தச் சாமி என்று கேட்பதில்லை. ஜோசப் வீட்டுக்குத் தினமும் ஒரு தூக்கு வேலிக்கு மேலாகவே வந்துவிடும். பிரிஸ்கில்லாவுக்கு அந்தக் கஞ்சி என்றால் உயிர். கறி தொடாத வெள்ளிக்கிழமைகளில்கூட, அதில் கறி போட்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு குடிப்பார்.

சும்மா வாங்கிக் குடிப்பது ஜோசப்புக்குக் கூச்சம். அதனால் பிடுங்கிய காப்பிச் செடிகளைத் துண்டு போட்டு, பள்ளிவாசலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தன் கையாலேயே அடுக்கிவைப்பார். காப்பி விறகு கஞ்சிக்கு நல்ல விறகு. புகை கம்மி, நின்று எரியும், அடி பிடிக்காது. "ஜோசப்பண்ணன் வெறகு இருக்கற வரைக்கும் எனக்குக் கவலையில்லீங்க" என்று சாதிக் பாஷா எல்லோரிடமும் சொல்வார். போரர் செடியை எரித்தாயிற்றா என்று காப்பி போர்டு ஆபீசர் கேட்டால் ஜோசப், "ஒரு குச்சி மிச்சமில்லாம எரியுதுங்க" என்பார். அது பொய்யும் இல்லை. ஒரு நல்ல காரியத்துக்கு எரியட்டுமே, வெறுமனே தோட்டத்தில் போட்டுக் கொளுத்துவானேன் என்று நினைத்தார். கேட்ட யாருக்கும் அதில் தப்புத் தோன்றவில்லை.

நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். நான் சொல்கிற வருடங்களில் அது சித்திரையிலும் வைகாசியிலும் வந்துகொண்டிருந்தது. தையில் வெட்டி அடுக்கிய விறகு அதுவரை கொட்டகையில் காயும்.

அப்படி ஒரு நோன்பு நாளின் மதியம் நான் எதற்கோ ஜோசப்பைத் தேடிப் போனேன். அவர் கொட்டகையில் சாதிக் பாஷாவுக்கு விறகு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல வெயில். கஞ்சி கொதித்து பூண்டு வாசம் தெருவரை வந்தது. சாதிக் பாஷா வெள்ளைச் சட்டையில் கறைபடாமல் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார், அதுவே ஒரு கலை. அப்போது அவருடைய சட்டைக் கையில் ஒரு வண்டு ஊர்ந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளைக் கோடு.

"இங்க பாருங்கண்ணா, எவ்வளவு அழகா கோடு போட்டிருக்கான் ஆண்டவன்" என்றார் சாதிக் பாஷா. அடுப்பில் விழுந்துவிடப் போகிறதே என்று கையை வெளியே நீட்டினார். நோன்பு வைத்து வறண்ட வாயைக் குவித்து மெல்ல ஊதினார். வண்டு இறக்கையை விரித்து, வேலியைத் தாண்டி, காப்பித் தோட்டத்துக்குள் போயிற்று.

ஜோசப் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையிலிருந்த விறகைத் திருப்பிப் பார்த்தார். பென்சில் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஓட்டை. அடுத்த கட்டையை எடுத்தார், அதிலும் ஓட்டை. அடுக்கின் ஓரத்தில் இன்னும் இரண்டு வண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நானும் பார்த்தேன். விறகு காய்ந்தாலும் உள்ளே இருந்த புழு சாகவில்லை. ஒவ்வொரு வருடமும் தை மாதத்தில் தோட்டத்தை விட்டு வெளியேற்றிய புழுவெல்லாம், அவரே அடுக்கிக் கொடுத்த கொட்டகையில் பத்திரமாக வண்டாகி, வேலி தாண்டி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறந்தேன். ஜோசப் என் கையை அழுத்திப் பிடித்தார். பிடித்த பிடியில் வலித்தது.

"என்னங்கண்ணா?" என்றார் சாதிக் பாஷா.

"ஒண்ணுமில்லீங்க பாய். வெயில் நொம்ப அடிக்குது" என்றார் ஜோசப்.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். ஏன் சொல்லவில்லை, வாய் எதற்கு இருக்கிறது என்று கேட்டேன்.

"நாக்குல தண்ணி படாம அடுப்புகிட்ட நிக்கறாருங்க மணி. அவருகிட்டப் போயி, உங்க கொட்டாயிதான் எந்தோட்டத்தத் தின்னுச்சுன்னு சொல்லச் சொல்றீங்களா? அவரா வெச்சாரு? நான்தானுங்க வெச்சேன்."

அன்று சாயங்காலமும் வேலிக்கு மேலாகத் தூக்கு வந்தது. வாங்கிக் குடித்தாராம். பிரிஸ்கில்லாதான் பிறகு என்னிடம் சொன்னார், தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாரென்று.

அடுத்த தையில் பிடுங்கியதைத் தோட்டத்திலேயே குவித்து அன்றைக்கே கொளுத்தினார். பள்ளிவாசலுக்கு சில்வர் ஓக் மரக் கிளைகளை வெட்டிக்கொண்டுவந்து அடுக்கினார். அது பொசுக்கென்று எரிந்து அணைந்துவிடும், மீதி நேரம் புகையும். நோன்பு வந்தது. முதல் நாளே கஞ்சியில் புகை வாசம். சாதிக் பாஷா கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கடைக்கு வந்தார்.

"ஏனுங்க மணியண்ணா, ஜோசப்பண்ணனுக்கு எம்மேல ஏதாச்சும் கோவங்களா? தோட்டத்துல காப்பிக் கட்டைய வெச்சுக் கொளுத்துறாரு, எங்களுக்கு இந்த ஓக்கக் குடுக்கறாரு. மைக் சத்தம் ஏதும் தொந்தரவா இருக்குதுங்களா? நான் நேர்ல கேட்டா சிரிச்சுட்டுப் போயிடறாரு. மனசு கேக்கலீங்க."

எனக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. இவர் மனசு நோகக்கூடாது என்று அவர், அவர் மனசில் என்ன என்று இவர். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஏன் வேக வேண்டும்? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வண்டு, ஓட்டை, கொட்டகை, எல்லாம்.

சாதிக் பாஷா உர மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் தன் சட்டைக் கையையே பார்த்தார்.

"நான் ஊதி உட்டேனே" என்றார். "என் வாயாலயே ஊதி உட்டேனே, மணியண்ணா."

மறுநாள் காலை அவர் கடையைத் திறக்கவில்லை. கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஜோசப்பின் தோட்டத்தில் நின்றார். மளிகைக் கணக்குப் போட்டுப் பழகிய கை, பட்டையைத் தேய்க்கத் தேய்க்க ரத்தம் கட்டியது. ஜோசப் வேண்டாமென்றார், பிரிஸ்கில்லா திட்டினார்.

"நோம்பும் அதுவுமா மயக்கம் போட்டு உழுந்தீங்கன்னா உங்க ஊட்டுல ரபியாவுக்கு யாருங்க பதில் சொல்றது?"

அவர் கேட்கவில்லை. ஒருவர் மேலிருந்தும் ஒருவர் கீழிருந்தும் செடி செடியாகத் தேய்த்துக்கொண்டு வந்து நடுவில் சந்திப்பார்கள். அடுத்த வருடமும் வந்தார், அதற்கடுத்த வருடமும் வந்தார்.

பலன் இருந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். முதலிலேயே உள்ளே போன புழுவை யார் என்ன செய்வது? அது தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது. செடி வெளியே பச்சையாக நிற்கும், கையை வைத்து அசைத்தால் முறியும். ஒரு வருடம் மழை பொய்த்தது. இன்னொரு வருடம் கீழ்ப்பக்கத் தோட்டத்திலும் மரம் வெட்டினார்கள், அங்கும் ஏதோ கட்டுகிறார்கள். காப்பி விலை இதுவரை யாரும் பார்க்காத அளவுக்கு ஏறியது. பஜாரில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். ஜோசப்பிடம் விற்கக் காப்பி இல்லை. இந்தத் தையில் பறித்த பழம் ஒரு சாக்கின் பாதிக்கு வந்தது. அதை வாசலில் கொட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த புருஷனிடம் பிரிஸ்கில்லா மெதுவாகச் சொன்னார்.

"போதுங்க. உட்டுருங்க."

நிற்கிறதையெல்லாம் பிடுங்கினார்கள். அந்த வாரம் ஜோசப் கடைசியாக என் கடைக்கு வந்தார். கையில் தண்டு இல்லை. மேசைமேல் வைக்க ஒன்றுமில்லாமல் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் கொடுக்க வேறொன்றும் இல்லை.

மாசி பிறந்ததும் லாட்ஜில் சேர்ந்தார். நீலச் சட்டை, நீலத் தொப்பி. தோட்டம் இருந்த இடத்தைச் சமப்படுத்தி ஜல்லி கொட்டினார்கள். பிரவீன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், நல்ல சேராகத்தான் போட்டுக் கொடுத்தான்.

அந்த மாசியில்தான் நோன்பும் வந்தது. பள்ளிவாசல் கொட்டகை நிறையக் காப்பி விறகு. தோட்டம் மொத்தமும் அங்கே அடுக்கியிருந்தது. ஜோசப்தான் வேலிக்கு மேலாக இறக்கிக் கொடுத்திருந்தார். நான் போனபோது சாதிக் பாஷா அதைத் தொடாமல், பக்கத்தில் கேஸ் அடுப்பை வைத்துப் பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். தீக்குச்சி இரண்டு தரம் அணைந்தது.

வேலிப் பக்கமிருந்து ஜோசப் இறங்கி வந்தார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"என்னங்க பாய், வெறகு அவ்வளவு கெடக்குது, கேஸ் எதுக்கு?"

"இத எப்புடிங்கண்ணா அடுப்புல வெக்கிறது?" சாதிக் பாஷா தீப்பெட்டியைக் கீழே வைத்தார். "நானும்தான தேச்சேன். ஒவ்வொரு கட்டையும் எனக்குத் தெரியுதுங்களே."

ஜோசப் பழைய அடுப்பின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். ஒரு கட்டையை எடுத்தார், திருப்பிப் பார்த்தார். ஓட்டை இல்லை. புழு உள்ளேதான் இருக்கிறது, இன்னும் வண்டாகி வெளியே வரவில்லை. அதை அடுப்புக்குள் தள்ளித் தேங்காய் மட்டையை வைத்துப் பற்றவைத்தார். மெல்லப் பிடித்து, பிறகு நின்று எரிந்தது.

"பயப்படாம வெய்ங்க பாய். இப்பத்தான் நோம்பு சரியான மாசத்துல வந்திருக்குது. சித்திரைக்குள்ள எல்லாம் எரிஞ்சு போயிரும், ஒண்ணும் பறக்காது." இன்னொரு கட்டையைத் தள்ளினார். "அப்புடியே ஒண்ணு ரெண்டு பறந்தாலும்தான் என்னங்க? போயி உக்கார அங்க செடி ஏது?"

சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. சாதிக் பாஷா முகத்தைத் திருப்பிக்கொண்டு அண்டாவில் தண்ணீர் ஊற்றினார். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் அழுகையாகத்தான் வருகிறது.

மேலே லாட்ஜ் கேட்டில் ஒரு கார் ஹாரன் அடித்தது. ஜோசப் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"கஞ்சிய இனிமே வேலிக்கு மேல குடுக்காதீங்க பாய், அங்க ஆளிருக்காது. ஒரு தூக்குல ஊத்திக் கேட்டுக்குக் குடுத்து உடுங்க. பிரிஸ்கில்லாவுக்கு நான் எடுத்துட்டுப் போறேன்."

ஹாரன் மறுபடியும் அடித்தது. "வர்றனுங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு, ஜல்லியில் கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து ஏறிப் போனார்.